மோட்டார் இல்லத்தின் வெளிப்புறப் பெட்டிகள்: ஒரு வரலாறு

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு, தன் எஞ்சினாலேயே ஓடும் வண்டியாகும். எஞ்சின் இல்லாமல் காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படுவது இழுவை இல்லம் எனப்படும். பேச்சுவழக்கில் இரண்டையும் கேரவன் என்றே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இக்கட்டுரை பேசுவது குடும்பத்தோடு வாரக்கணக்கில் ஊர் சுற்றப் பயன்படும் வண்டியைப் பற்றி. அதிலும் அதன் வெளிப்புறத்தில் பொருத்தப்படும் பெட்டிகளைப் பற்றி மட்டும்.

ஊரில் இருக்கும் வீட்டில் இடம் போதாவிட்டால் ஒரு தாழ்வாரம் இறக்கலாம், மாடி எழுப்பலாம். சக்கரத்தின் மேல் இருக்கும் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. சாலை விதி அகலத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய நாடுகளில் அது 2.55 மீட்டர். பாலங்களும் மரக்கிளைகளும் உயரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அது மட்டுமல்ல, சேறு படிந்த கயிறு, எண்ணெய்ப் பிசுக்குள்ள கருவிகள், எரிவாயு உருளை, கழிவுநீர்க் குழாய் போன்றவற்றைப் படுக்கைக்கு அருகில் வைக்கவும் முடியாது. ஆகவே வண்டியின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அடியிலும் பெட்டி கட்டும் பழக்கம் வந்தது. இப்பழக்கம் மோட்டார் வண்டியைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

மரச்சக்கரக் காலம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் உருவான கானஸ்டோகா வண்டியிலிருந்து தொடங்கலாம். லங்காஸ்டர் பகுதியில் ஓடும் கானஸ்டோகா ஆற்றின் பெயரால் அழைக்கப்பட்ட இந்தப் பெரிய சரக்கு வண்டியை நான்கு முதல் ஆறு குதிரைகள் இழுத்தன. மேடு பள்ளங்களில் சரக்கு சரிந்து கொட்டிவிடாமல் நடுவில் தங்குவதற்காக அதன் அடித்தளம் படகுபோல் வளைந்திருந்தது. வண்டியின் உட்புறம் முழுவதும் சரக்குக்குரியது. வண்டிக்காரருக்கே உள்ளே இடமில்லை. அவர் வண்டியின் இடப்பக்கமாக நடந்து வந்தார், அல்லது இடப்புறக் குதிரை மீது ஏறிக்கொண்டார், அல்லது பக்கவாட்டிலிருந்து இழுத்து நீட்டும் ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

எனவே அவருக்குத் தேவையானவை எல்லாம் வண்டிக்கு வெளியே தொங்கின. இடப்பக்கச் சுவரில், அவர் கைக்கு எட்டும் இடத்தில், சாய்ந்த மூடியுடன் கூடிய கருவிப் பெட்டி இருந்தது. சுத்தியல், குறடு, ஆணி, உதிரிக் கடையாணி ஆகியவை அதில் இருந்தன. பின்புறத்தில் குதிரைகளுக்கான தீவனத் தொட்டி தொங்கியது. பின் அச்சில் ஒரு வாளி. அச்சுக்குப் பூசும் தார்க் கலவை அதில் இருந்தது. கருவிப் பெட்டியின் கீல்களில் ஜெர்மானிய வம்சாவளிக் கொல்லர்கள் துலிப் மலரும் இதய வடிவமும் அடித்துச் செய்தார்கள். அந்தப் பெட்டிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் நாட்டுப்புறக் கலைப்பொருட்களாக வைக்கப்பட்டுள்ளன.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கட்டை வண்டி நினைவுக்கு வந்தது. வண்டிக்கு அடியில் சாக்கைத் தொட்டில்போல் கட்டி வைக்கோல் போட்டிருப்பார்கள். அச்சுக்கு இடும் மை ஒரு மூங்கில் குழாயில் தொங்கும். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு வண்டிக்காரர்கள் ஒரே இடத்தில் ஒரே பொருளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தேவை ஒன்றாக இருந்ததே காரணம்.

1840-களில் ஓரிகன் பாதை வழியாக மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்கள் கானஸ்டோகாவைவிடச் சிறிய வண்டிகளைப் பயன்படுத்தினர். மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஓரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். நான்கு முதல் ஆறு மாதப் பயணம். வண்டியின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாயும், முன்புறத்தில் கருவிப் பெட்டியும், பின் அச்சில் மசகு வாளியும் இருந்தன. எருதுகள் தாங்க வேண்டுமானால் சுமை 900 முதல் 1,100 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845-இல் வெளியிட்ட குடியேறுவோர் கையேட்டில், ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு தேவை என்கிறார். கூட்டினால் 390 பவுண்டு, அதாவது சுமார் 177 கிலோ. பெரியவர்கள் நான்கு பேர் என்றால் உணவு மட்டுமே 708 கிலோ. மீதமுள்ள 200 முதல் 400 கிலோவுக்குள் படுக்கை, பாத்திரம், ஏர்க்கொழு, துணிமணி, தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லை. லாரமி கோட்டையை எட்டும்போது அடுப்புகள், அலமாரிகள், பெட்டிகள், மூட்டை மூட்டையாக இறைச்சி எனப் பாதையோரம் வீசி எறியப்பட்டுக் கிடந்ததைப் பயணிகளின் நாட்குறிப்புகள் சொல்கின்றன. பெட்டி கட்டுவது எளிது, அதை இழுப்பதுதான் கடினம் என்பதை அவர்கள் வழியில்தான் கற்றுக்கொண்டார்கள்.

1846-இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் ரீட் தம் குடும்பத்துக்காகத் தனிப்பட்ட முறையில் ஒரு வண்டி செய்துகொண்டார். அவருடைய மகள் வர்ஜீனியா பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த வண்டி விரிவாக விவரிக்கப்பட்டுள்ளது: பக்கவாட்டில் வாசல், உள்ளே சுருள்வில் இருக்கைகள், ஒரு சிறு அடுப்பு. இருபுறமும் சக்கரங்களுக்கு மேலாகப் பலகைகளை நீட்டி அகலப்படுத்தி, அதன் மீது படுக்கை அமைத்து, கீழே பொருள் வைக்க இடம் செய்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சொகுசு மோட்டார் இல்லம் என்றே சொல்லலாம். டானர் குழு எனப்படும் கூட்டத்தோடு சென்ற ரீட் குடும்பம், பெரும் உப்புப் பாலைவனத்தில் தன் மாடுகளில் பெரும்பாலானவற்றை இழந்தது; பொருட்களைப் புதைத்துவிட்டும் வண்டிகளைக் கைவிட்டும் நடக்க நேர்ந்தது. தாமதமாகச் சென்ற அக்குழு சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கியது. ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இதற்கு வண்டியின் கனம் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அவர்களைத் தாமதப்படுத்தியது முதன்மையாக ஒரு குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியைப் பரிந்துரைத்தவர், மேலே மாவுக் கணக்குச் சொன்ன அதே ஹேஸ்டிங்ஸ்.

குட்நைட்டின் சமையல் வண்டி

வெளிப்புறப் பெட்டியின் வரலாற்றில் ஒரே ஒருவரைத்தான் குறிப்பிட வேண்டும் என்றால் நான் சார்ல்ஸ் குட்நைட்டைக் குறிப்பிடுவேன். டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையாளரான இவர், 1866-இல் ஆலிவர் லவிங் என்பவரோடு சேர்ந்து மாட்டு மந்தையை நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டைக்கு ஓட்டிச் செல்லத் திட்டமிட்டார். உள்நாட்டுப் போர் முடிந்திருந்த நேரம். டெக்சாசில் மாடு மலிவு, பிற இடங்களில் விலை அதிகம். ஆனால் மந்தையோடு செல்லும் ஆட்களுக்கு வாரக்கணக்கில் சோறு போட வேண்டுமே! அதுவரை ஒவ்வொருவரும் தம் சேணப் பையில் கொண்டு வந்ததையே தின்றார்கள்.

குட்நைட், ராணுவத்தில் கழித்துவிடப்பட்ட ஸ்டூடபேக்கர் வண்டி ஒன்றை வாங்கினார். அதை ஓசேஜ் ஆரஞ்சு என்னும் கடினமான மரத்தால் பலப்படுத்தினார். பிறகு அதன் பின்புறத்தில் அலமாரி போன்ற ஒரு பெட்டியைப் பொருத்தினார். இந்தப் பெட்டிதான் அவருடைய கண்டுபிடிப்பு. பெட்டி முழுவதும் சிறு அறைகளும் இழுப்பறைகளும். மாவு, சர்க்கரை, காப்பிக்கொட்டை, அவரை, உலர்ந்த பழம், தட்டு, கரண்டி, அவற்றோடு ஊசி நூல், மருந்துப் புட்டி, சவரக் கத்தி. பெட்டியின் மூடி கீழ்ப்பக்கம் கீல் வைக்கப்பட்டது. திறந்தால் கீழே சாய்ந்து, மடக்குக் கால் ஒன்றின் மீது நிற்கும். அதுவே சமையல்காரரின் மேசை. மூடினால் மழையும் தூசியும் உள்ளே போகாது. ஒரே பலகை கதவாகவும் மேசையாகவும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்கால மோட்டார் இல்லங்களின் மடக்கு மேசைகளுக்கெல்லாம் இது மூத்தது.

பெட்டிக்குக் கீழே இன்னொரு சிறு அறை. கனமான இரும்புச் சட்டிகள் அதில். பக்கவாட்டில் இரண்டு நாளுக்குப் போதுமான தண்ணீர்ப் பீப்பாய். வேறொரு பக்கத்தில் காப்பி அரைக்கும் இயந்திரம் திருகி வைக்கப்பட்டிருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு மாட்டுத்தோலைத் தொட்டில்போல் கட்டி, வழியில் கிடைக்கும் விறகையும் காய்ந்த சாணத்தையும் அதில் எறிந்துகொண்டே போனார்கள். மரமே இல்லாத புல்வெளியில் அன்றிரவுச் சமையலுக்கு அதுதான் எரிபொருள். (வறட்டியின் அருமை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.)

தண்ணீர்ப் பீப்பாய் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. அவர்கள் சென்ற பாதையில், காஞ்சோ ஆற்றிலிருந்து பெக்கோஸ் ஆறு வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீரற்ற நிலம் இருந்தது. அங்கே பீப்பாயில் ஒரு விரிசல் என்றால் உயிர் போகும் காரியம்.

இந்த வண்டியின் பெயர் சக் வேகன். சக் என்பது அக்காலக் கொச்சை மொழியில் உணவு. சமையல்காரர் சம்பளத்திலும் அதிகாரத்திலும் மாடு மேய்ப்பவர்களைவிட ஒருபடி மேலானவர்; அவருடைய பெட்டியை யாரும் அனுமதியின்றித் திறக்கக் கூடாது. இரவில் உறங்கப் போகும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி வைப்பதும் அவர் வேலை. மறுநாள் காலை திசை தெரிய அது உதவியது. டெக்சாஸ் மாநிலம் 2005-இல் சக் வேகனைத் தன் அதிகாரப்பூர்வ ஊர்தியாக அறிவித்தது.

கடையாகிய வண்டி

இங்கிலாந்தில் ரோமானி மக்கள் ஏறத்தாழ 1850 முதல் குதிரை பூட்டிய வீட்டு வண்டிகளில் வாழத் தொடங்கினர். அவர்கள் மொழியில் அதற்கு வார்டோ என்று பெயர். அவ்வண்டிகளின் பின்புறத்தில் கீழாகப் பாத்திரப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு மேல் தீவனமும் மூட்டையும் கட்டிவர மடக்குச் சட்டம் ஒன்று. சமையல் வெளியில், திறந்த தீயில் நடந்ததால், கரி பிடித்த பாத்திரம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர்களுடைய தூய்மை ஒழுங்கு. பாத்திரப் பெட்டி வெளியே இருந்ததில் வியப்பில்லை.

வார்டோ வகைகளில் பிரஷ் வண்டி என்பது தனித்தன்மை உடையது. துடைப்பம், தூரிகை, கூடை, பிரம்புப் பொருட்கள் செய்து விற்றவர்களுடையது இது. வெளிச்சுவர் முழுவதும் சட்டங்களும் கண்ணாடி முகப்புப் பெட்டிகளும் பொருத்தி விற்பனைப் பொருட்களை அடுக்கினார்கள். கூரையைச் சுற்றிக் கம்பி வேலி. பெரிய கூடைகள் அங்கே. பிற வார்டோக்களுக்கு வாசல் முன்புறம் என்றால் இதற்குப் பின்புறம். சுவருக்கு உள்ளே வீடு, வெளியே கடை. வெளிப்புறப் பெட்டி பொருளைச் சேமிக்க மட்டுமல்ல, காட்டவும் பயன்பட்டது இங்கேதான்.

பிழைப்புக்காக இல்லாமல் இன்பத்துக்காக வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் வழக்கத்தைப் பரப்பியவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவர். 1885-இல் பிரிஸ்டல் நகரில் இரண்டு டன் எடையுள்ள வாண்டரர் என்ற வண்டியைச் செய்வித்து, பிரிட்டனில் நெடும்பயணம் போனார். பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, குறுகிய சாலையில் எதிரே வருவோரை எச்சரித்தாராம்!

படிப்பலகையும் கூரையும்

மோட்டார் கார் வந்ததும் பெட்டிக்குப் புதிய இடம் ஒன்று கிடைத்தது. பழைய கார்களில் முன்சக்கரக் காப்புக்கும் பின்சக்கரக் காப்புக்கும் இடையே, ஏறி இறங்குவதற்காக ஒரு நீண்ட பலகை இருக்கும். நம் பேருந்துகளில் ஃபுட்போர்டு என்போமே, அதன் மூத்த உறவு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்டு டி மாதிரிக் காரிலும் இப்பலகை இருந்தது. ஊர் சுற்றக் கிளம்பிய குடும்பங்கள் இதன் விளிம்பில் மடங்கி விரியும் இரும்பு வேலி ஒன்றைத் திருகி, வேலிக்கும் காருக்கும் இடையே கூடாரம், பெட்டி, பெட்ரோல் டின், தண்ணீர் டின் ஆகியவற்றைச் செருகின. கதவு திறக்காதே என்று கேட்கலாம். அமெரிக்காவில் செய்யப்பட்ட டி மாதிரியின் திறந்த வகைக் கார்களில் பல ஆண்டுகள் ஓட்டுநர் பக்கக் கதவு வெறும் அச்சு உருவம்தான், திறக்கவே திறக்காது. ஆகவே அந்தப் பக்கம் மூட்டை அடுக்கினால் யாருக்கும் இடையூறில்லை.

பெரிய மனிதர்களும் இந்த ஆசைக்கு விலக்கல்ல. ஹென்றி ஃபோர்டு, தாமஸ் ஆல்வா எடிசன், டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் ஊர்சுற்றிகள் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டு 1910-களின் பிற்பகுதியிலும் 1920-களின் தொடக்கத்திலும் கோடைதோறும் முகாமிட்டார்கள். 1921-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங்கும் ஓரிரு நாள் உடன் தங்கினார். ஊர்சுற்றிகள் என்பது பெயரளவில்தான். கூடவே கார் வரிசையும் பணியாளர் கூட்டமும் போயின. சமையலுக்கென்றே தனி வண்டி வைத்து, அதன் பக்கவாட்டில் குளிர்ப்பெட்டியும் உணவு அறைகளும் அமைத்திருந்தார்கள். அந்தக் குழு பயன்படுத்திய லிங்கன் முகாம் வண்டி ஒன்று மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குட்நைட்டின் பெட்டி அரை நூற்றாண்டு கழித்து எஞ்சின் பூட்டிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும் அதன் தோற்றம்.

1930-களின் இறுதியில் கார்களின் உடல் அகன்றது, படிப்பலகை மறைந்தது. பெட்டிகள் கூரைக்கு ஏறின. ஜெர்மனியின் வீடன்ப்ரூக் நகரைச் சேர்ந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்குள் வைக்கும் முகாம் சாமான் தொகுதியைச் செய்தது. அந்த வேன்களைப் படங்களில் பார்த்தால் பாதிக்கு மேல் கூரையில் மூட்டை கட்டியிருக்கும்.

பேருந்து கற்றுக்கொடுத்தது

கூரையில் சாமான் ஏற்றுவது எப்படி இருக்கும் என்று என் வயதொத்தவர்களுக்குத் தெரியும். பேருந்தின் பின்னால் இரும்பு ஏணி. மேலே வாழைத்தார், கோழிக்கூடை, மிதிவண்டி. அமெரிக்கப் பேருந்துகளும் முதலில் அப்படித்தான் சென்றன. 1936-இல் எல்லோ கோச் நிறுவனம் கிரேஹவுண்ட் பேருந்துக் குழுமத்துக்காகச் செய்த 719-ஆம் மாதிரி இதை மாற்றியது. எஞ்சின் பின்புறத்துக்குப் போனது. பயணிகள் இருக்கும் தளம் உயர்த்தப்பட்டு, அதன் கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே, சாமான் அறை வந்தது. கனம் கீழே இறங்கியதால் வண்டியின் ஈர்ப்பு மையமும் கீழே இறங்கியது. வளைவுகளில் சாய்வு குறைந்தது. மழையில் மூட்டை நனையவில்லை, யாரும் ஏணியில் ஏறவும் வேண்டியதில்லை. ஒரே மாற்றம் இத்தனை சிக்கல்களைத் தீர்த்தது அபூர்வம்.

பேருந்துகள் பழசாகி விற்பனைக்கு வந்தபோது, கைத்திறன் உள்ளவர்கள் அவற்றை வாங்கி இருக்கைகளைக் கழற்றி வீடாக்கினர். கீழே இருந்த சாமான் அறைகளில் தண்ணீர்த் தொட்டி, மின்கலம், மின்னாக்கி, எரிவாயு உருளை ஆகியவை போய் உட்கார்ந்தன.

இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள் இயங்கின. மிச்சிகனின் பிரவுன் சிட்டியைச் சேர்ந்த ரே ஃபிராங்க் 1958-இல் தம் குடும்பத்துக்காக ஒரு வண்டி கட்டினார். சில ஆண்டுகளில் அது டாட்ஜ் அடிச்சட்டத்தில் விற்பனைக்கு வந்தது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் விண்ணபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார் இல்லங்களைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கியதும் விலை இறங்கியது. இவற்றில் வெளிப்புறப் பெட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை; பக்கச் சுவரின் அடியில் சில சிறு கதவுகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை ஜிஎம்சி மோட்டார் இல்லம். 1973 முதல் 1978 வரை வந்த இந்த வண்டி முன்சக்கர இழுவை கொண்டது. அடியில் சுழல்தண்டு ஓடவில்லை. அதனால் தளத்தைச் சாலையிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்திலேயே அமைக்க முடிந்தது. ஏற எளிது, ஓட்ட இனிது, பார்க்க அழகு. ஆனால் தளத்துக்குக் கீழே ஒரு செருப்புப் பெட்டி வைக்கக்கூட இடமில்லை! இன்றும் அவ்வண்டியைப் பேணுபவர்களில் பலர் பின்புறத்தில் ஒரு பெட்டியோ கூரையில் ஒரு கண்ணாடியிழைப் பேழையோ தாமே சேர்த்திருப்பதைக் காணலாம். எதிர்த்திசையில், 1980-களில் பெரிய நிறுவனங்கள் பேருந்தைப் பின்பற்றித் தளத்தை உயர்த்தி, அதன் கீழே முழு நீளத்துக்கும் சாமான் அறைகள் கொண்ட மாதிரிகளை வெளியிட்டன. பேஸ்மென்ட் மாதிரி என்று இவற்றைச் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதே தேவை வேறு வழியில் போனது. படுக்கையைப் பின்புறத்தில் உயர்த்தி, அதன் அடியில் மிதிவண்டியோ ஸ்கூட்டரோ நிற்கும் அளவு அறை அமைத்து, அதற்கு வெளியிலிருந்து கதவு வைத்தார்கள்.

தாமே பெட்டி சேர்ப்போர்

தொழிற்சாலை எவ்வளவு கொடுத்தாலும் உரிமையாளருக்குப் போதாது. பட்டறையில் அலுமினியப் பெட்டி செய்து பொருத்துவது இன்றும் பரவலாக நடக்கிறது. இதில் நூறாண்டு அனுபவம் கற்றுக்கொடுத்த சில செய்திகளை மாணவர்கள் தம் பாடப்புத்தக அறிவியலோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முதலாவது நெம்புகோல். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோ எடையுள்ள பெட்டியைத் தொங்கவிடுகிறோம். பின் அச்சின் சுமை 100 கிலோ கூடும் என்றுதான் தோன்றும். வகுப்பில் கேட்டால் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் பின் அச்சு தாங்குமையமாகிறது. முன் அச்சின் சுமை 100 × 2 ÷ 4, அதாவது 50 கிலோ குறைகிறது. பின் அச்சின் சுமை 150 கிலோ கூடுகிறது. முன்சக்கரம் தரையை அழுத்துவது குறைந்தால் ஸ்டீயரிங் பிடிமானமும் குறையும். ஈரச் சாலையில் அது ஆபத்து. முன்சக்கர இழுவை வண்டியானால் மேடேறும்போது சக்கரம் வழுக்கும். அதே பெட்டியை இரு அச்சுகளுக்கு நடுவே வைத்தால் இரண்டும் பாதிப்பாதியாகத் தாங்கும். கிரேஹவுண்ட் பேருந்து சாமான் அறையை நடுவில் வைத்ததன் பொருள் இப்போது விளங்கும்.

இரண்டாவது வாயு. எரிவாயு உருளைக்கான பெட்டிக்குக் காற்றுத்துளை அடியில் இருக்க வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஈய அமில மின்கலப் பெட்டிக்கோ காற்றுத்துளை மேலே வேண்டும். மின்னேற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் பதினான்கில் ஒரு பங்கு அடர்த்தியே உள்ளது. அது மேலே எழும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் ஒரு பொறி போதும். இரண்டுமே வீட்டின் உட்புறத்தோடு தொடர்பில்லாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆசைக்கு ஒரு பெட்டி செய்து, அடியில் தண்ணீர் வரக் கூடாது என்று துளைகளை நன்றாக அடைத்துவிட்டு, உள்ளே உருளையை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெட்டியல்ல, குண்டு.

மற்றவை பட்டறைக்காரருக்குத் தெரிந்தவையே. கதவின் கீலை மேல்பக்கம் வைத்தால் மழைநீர் வழிந்து போகும், வழியில் தாழ் கழன்றாலும் கதவு தன் எடையாலேயே மூடிக்கொள்ளும். விளிம்பில் ரப்பர்ப் பட்டை வேண்டும். சுவரில் வெறும் திருகாணி போதாது. மறுபுறம் தகடு கொடுத்துப் போல்ட் போட வேண்டும், இல்லையேல் அதிர்வில் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் நேரடியாக ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும்; இடையில் நைலான் வில்லை வைப்பார்கள். அடிச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது என்பது லாரித் தொழிலின் பழைய விதி. வளையும்போது அதிக விசையைத் தாங்குவது அந்த விளிம்புகளே. பின்புறப் பெட்டி விளக்கையும் எண் பலகையையும் மறைக்கக் கூடாது.

3,500 கிலோ

ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வண்டியின் மொத்த எடை வரம்பு நெடுங்காலமாக 3,500 கிலோ. மோட்டார் இல்லம் செய்வோர் பலரும் இந்த வரம்புக்குள் நிற்கவே முயல்கிறார்கள். வெறும் வண்டியே 3,000 கிலோவைத் தொட்டுவிடுகிறது. மீதி 500 கிலோவில் நான்கு பேரின் உடல் எடை 280 கிலோ, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. எஞ்சுவது 120 கிலோ. அதில் உணவு, உடை, மேசை நாற்காலி, மிதிவண்டி. இந்த நிலையில் 30 கிலோ எடையுள்ள காலிப் பெட்டி ஒன்றைப் பின்னால் மாட்டுவது, கொள்ளளவைக் கூட்டி, கொண்டுபோகக்கூடிய எடையைக் குறைக்கும் செயல். காவலர் சாலையோரத்தில் எடை மேடையில் ஏற்றினால் அபராதம் உண்டு. நாட்டைப் பொறுத்து, அதிகப்படிச் சாமானை இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்வார்கள்.

பிரிட்டனில் 1997-க்கு முன்பும் ஜெர்மனியில் 1999-க்கு முன்பும் உரிமம் பெற்றவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். அதனால் அங்கே பெரிய மோட்டார் இல்லத்தின் ஓட்டுநர் இருக்கையில் தாத்தாவும் பக்கத்தில் பேரனும் அமர்ந்திருப்பது வழக்கமான காட்சி. தகப்பனார் பின்னால் உட்கார்ந்து வருவார்; அவர் உரிமத்துக்கு அந்த வண்டி கனம்.